கேம்பிங் பூங்காவில் முதல் டிஸ்க் கோல்ஃப்: ஒரு புட்டரோடு தொடங்குங்கள்

கூடாரம் போட்டாயிற்று, சமையலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பூங்காவின் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன, கீழே ஒரு கூடை. கிராமப்புற முகாம் பூங்காக்களில் இதைப் பார்த்துவிட்டு என்னவென்று புரியாமல் கடந்து போகிறவர்கள் நிறையப் பேர். அது டிஸ்க் கோல்ஃப் கூடை. கோல்ஃபில் பந்தைக் குழியில் போடுகிறார்கள் இல்லையா, இங்கே டிஸ்க் என்ற தட்டையான பிளாஸ்டிக் தட்டைக் கையால் வீசிக் கூடையில் போட வேண்டும். எவ்வளவு குறைந்த வீச்சில் முடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. விளையாட்டு அவ்வளவுதான்.

புதிதாகக் கற்றுக்கொள்ள, பெரிய போட்டி மைதானத்தைவிட இப்படிப்பட்ட 9 கூடை மைதானம்தான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். தூரம் குறைவு. பின்னால் நின்று அவசரப்படுத்த யாரும் இருக்க மாட்டார்கள். பல இடங்களில் கட்டணமும் கிடையாது. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இது மற்றவர்கள் ஓய்வெடுக்க வந்த இடம். நாம் வீசும் டிஸ்க் அவர்களுடைய கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் பறக்கப்போகிறது.

இந்த விளையாட்டுக்கும் எளிய இடங்களுக்கும் பழைய உறவு உண்டு. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் பிளாட்வர்த் என்ற சிற்றூரில் 1926-லேயே பள்ளிப் பிள்ளைகள் தகர மூடிகளை வீசி இதுபோல் விளையாடியிருக்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் வடிவத்தைக் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ என்ற பறக்கும் விளையாட்டுத் தட்டை மேம்படுத்திய அதே மனிதர். 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அங்கே முதலில் வெறும் கம்பங்கள்தான் இலக்கு. கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற வாக்குவாதத்துக்குச் சங்கிலிக் கூடை முடிவு கட்டியது. சங்கிலி டிஸ்க்கின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், டிஸ்க் கூடைக்குள் விழும். யாரும் சந்தேகப்பட வழியில்லை. 1976-ல் பிடிஜிஏ என்ற தொழில்முறைச் சங்கமும் தொடங்கியது. இன்றைக்கும் விதிகளுக்கு அவர்களுடைய புத்தகம்தான் அடிப்படை.

எதைக் கொண்டு போவது

கடைக்குப் போனால் டிஸ்க்குகள் நான்கு வகையாக அடுக்கியிருக்கும்: கூடைக்கு அருகில் போடப் புட்டர், நடுத்தர தூரத்துக்கு மிட்ரேஞ்ச், நீண்ட தூரத்துக்கு ஃபேர்வே டிரைவர், டிஸ்டன்ஸ் டிரைவர். விளிம்பு கூர்மையாகவும் அகலமாகவும் ஆக ஆக, அது வேகமாகப் பறக்கும் வகை. வேகமான டிஸ்க் வாங்கினால் அதிக தூரம் போகும் என்று நினைத்துப் புதியவர்கள் நேராக டிஸ்டன்ஸ் டிரைவரில் கை வைப்பார்கள். அதை வாங்காதீர்கள். அந்த டிஸ்க் பறக்க வேண்டிய வேகத்தை நம் கை இன்னும் கொடுக்காது. கொடுக்காதபோது அது கிளம்பின கொஞ்ச தூரத்திலேயே இடப்புறம் சாய்ந்து புதருக்குள் போய்விடும். முதல் நாளே மனம் விட்டுப்போகும்.

ஒரு புட்டர், ஒரு மிட்ரேஞ்ச். இரண்டே போதும். சிறிய மைதானத்தில் பல கூடைகள் 50 முதல் 90 மீட்டருக்குள்தான் இருக்கும். புட்டரை ஒழுங்காக வீசினாலே இரண்டு வீச்சில் அருகே போய்விடலாம். எடை 150 முதல் 165 கிராமுக்குள் இருந்தால் புதியவர் கைக்கு இதமாக இருக்கும்.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். இன்னோவா நிறுவனம் கொண்டுவந்த முறை இது. இப்போது மற்றவர்களும் பின்பற்றுகிறார்கள். வரிசையாக ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். முதல் எண் டிஸ்க்குக்கு எவ்வளவு வேகம் தேவை என்பது. இரண்டாவது காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது வேகமாகப் போகும்போது எவ்வளவு திரும்பும், நான்காவது வேகம் குறைந்ததும் எதிர்ப்பக்கம் எவ்வளவு சாயும் என்பவை. இன்னோவாவின் ஏவியார் புட்டருக்கு 2, 3, 0, 1. டிஸ்கிராஃப்டின் பஸ் என்ற மிட்ரேஞ்சுக்கு 5, 4, -1, 1. முதல் எண் 5-ஐத் தாண்டாமலும், கடைசி எண் 1-ஐத் தாண்டாமலும் பார்த்து எடுத்தால் தவறாது.

நிறம் முக்கியம். பளிச்சென்ற இளஞ்சிவப்பு எல்லாப் பருவத்திலும் கண்ணில் படும். பச்சை புல்லில் கரைந்துவிடும், பழுப்பு சருகில் கரைந்துவிடும். ஆரஞ்சு கோடையில் நன்றாகத் தெரியும், இலை உதிர்காலத்தில் ஏமாற்றும். வாங்கியவுடன் டிஸ்க்கின் அடிப்புறம் அழியாத மை பேனாவால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிடுங்கள்.

இவற்றோடு தண்ணீர், டிஸ்க்கைத் துடைக்க ஒரு சிறு துண்டு, பூச்சி விரட்டி. கால்சட்டை முழு நீளமாக இருக்கட்டும், காலணி பிடிமானமுள்ளதாக இருக்கட்டும். டிஸ்க் புல்வெளியில் மட்டும் விழும் என்று நம்ப முடியாது. முட்புதரும் உண்ணி உள்ள உயரப் புல்லும் பாதையோரத்திலேயே இருக்கும்.

வந்து சேர்ந்ததும்

முதலில் பூங்கா அலுவலகம் அல்லது தகவல் பலகை. முகாமில் தங்காமல் விளையாட மட்டும் வருகிறவர்களுக்குத் தனி வாகன நிறுத்தம் இருக்கலாம், நாள் நுழைவுக் கட்டணம் இருக்கலாம். சில இடங்களில் ஆள் இருக்க மாட்டார், ஓர் உறையும் பெட்டியும் இருக்கும். உறையில் போட்டுப் பெட்டியில் செலுத்திவிடுங்கள். அந்தப் பணத்தில்தான் புல் வெட்டுகிறார்கள்.

பலகையில் மைதான வரைபடம் இருந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. சிறு மைதானங்களில் பெரிய சிரமமே அடுத்த கூடைக்கு எங்கிருந்து வீசுவது என்று கண்டுபிடிப்பதுதான். பலகை விழுந்திருக்கும், எண் மங்கியிருக்கும், வீசும் தளம் என்பது இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே மிதிபட்ட மண்ணாக இருக்கும். யுடிஸ்க் செயலியில் பல மைதானங்களின் வரைபடம் உண்டு. சிக்னல் இருக்கும் இடத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போனபிறகு கிடைக்காமல் போகலாம்.

வரைபடமே இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. ஒரு கூடையை முடித்ததும் அங்கேயே நின்று சுற்றிப் பாருங்கள். கூடையின் மேல் வளையத்திலோ கம்பத்திலோ ஓர் அம்புக்குறியோ வண்ண நாடாவோ இருக்கலாம். இல்லாவிட்டால் தரையைப் பாருங்கள். கூடையிலிருந்து கிளம்பும் ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் அடுத்த தளத்துக்குத்தான் போகும். முன்னால் விளையாடியவர்களின் கால்கள் போட்ட வழி அது.

முதல் வீச்சு

தளத்தில் நின்றதும் உடனே வீசாதீர்கள். கூடை எங்கே என்று பாருங்கள். அப்புறம் கூடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏரியா, சாலையா, யாராவது துணி காயப்போட்டிருக்கும் கயிறா? வளைந்த பாதையாக இருந்தால், கூடை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகாது.

வலக்கைக்காரருக்கான பேக்ஹேண்ட் வீச்சை, அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவதைச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வலத்தோள் கூடையைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். நான்கு விரல்களும் டிஸ்க்கின் அடியில் மடங்கி உள்விளிம்பைப் பிடித்திருக்கட்டும், கட்டைவிரல் மேலே அழுத்தியிருக்கட்டும். டிஸ்க்கைப் பின்னால் நீட்டி, மார்புக்கு நெருக்கமாக நேர்கோட்டில் இழுத்து விடுங்கள். முழங்கை முன்னால் வரும், அதற்குப் பின் மணிக்கட்டு, கடைசியில் டிஸ்க். உடலின் எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற வேண்டும். மண் தளத்தில் வேரும் கல்லும் இருக்கும் என்பதால் ஓடி வந்து வீச வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே வீசுங்கள்.

விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய தட்டைத் தளும்பாமல் மேசைமேல் இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமநிலை டிஸ்க்கில் இருக்க வேண்டும். முன்விளிம்பு மேலே தூக்கிவிட்டால் டிஸ்க் வானத்தை நோக்கி ஏறும், நடுவில் நிற்கும், அப்படியே இடப்புறம் சரிந்து விழும். புதியவர்கள் பத்தில் எட்டு முறை செய்யும் தவறு இதுதான் என்று சொல்வேன். வலுவைக் கூட்டினால் இது சரியாகாது, மோசமாகும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, டிஸ்க்கைத் தட்டையாக விடுவதில் மட்டும் கவனம் வையுங்கள். அது சட்டென்று நேராகப் பறக்கத் தொடங்கும். அந்த முதல் நேரான வீச்சைப் பார்க்கும்போது கை தானாகத் தளரும். எவ்வளவு மெதுவாக வீசினோம், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

வலக்கை பேக்ஹேண்டில் டிஸ்க் கடைசியில் இடப்புறம் சாயும். அது தவறில்லை, டிஸ்க்கின் இயல்பு. எனவே கூடைக்குச் சற்று வலப்புறம் குறி வையுங்கள். வெளிவிளிம்பைக் கீழே சாய்த்து விடுவதற்கு ஹைசர் என்று பெயர்; டிஸ்க் இன்னும் அதிகமாக இடப்புறம் வளையும். மேலே சாய்த்தால் அன்ஹைசர், வலப்புறம் போகும். முதல் நாளில் இந்த இரண்டு பெயர்களும் தெரிந்தால் போதும், பயிற்சி அப்புறம்.

காற்று அடித்தால் ஒரே ஒரு விஷயம்: எதிர்க்காற்றில் டிஸ்க் மேலே ஏறும், வலப்புறம் கவிழப் பார்க்கும். தாழ்வாக, மெதுவாக வீசுங்கள். ஏரிக்கரையில் இருக்கும் கூடையில் இதை மறக்கவே கூடாது. பெரும்பாலான கோல்ஃப் டிஸ்க்குகள் தண்ணீரில் மூழ்கிவிடும்.

டிஸ்க் விழுந்த இடத்திலிருந்து

எல்லோரும் வீசி முடித்தபின், கூடைக்கு யாருடைய டிஸ்க் தொலைவில் இருக்கிறதோ அவர் முதலில் வீச வேண்டும். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். வீசுபவருக்கு முன்னால் போய் நிற்கும் பழக்கம் வேண்டாம். கோல்ஃப் டிஸ்க் ஃபிரிஸ்பீயைவிடச் சிறியது, விளிம்பு கடினமானது. தலையில் பட்டால் காயம் நிச்சயம். அதே காரணத்துக்காக, யாராவது வீசிய டிரைவரைக் கையால் பிடிக்க முயலாதீர்கள்.

கிடக்கும் டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு நேர் பின்னால் கால் வைத்து இன்னொரு டிஸ்க்கை வீசலாம். விதிப்படி கால் வைக்க வேண்டிய இடம் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம். ஏறத்தாழ ஒரு ஏ4 தாள். டிஸ்க் மரத்தில் மாட்டிக்கொண்டால், அதற்கு நேர் கீழே தரையில் இருந்து தொடரலாம். தண்ணீரிலோ எல்லைக்கு வெளியிலோ போனால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொண்டு, எல்லையைக் கடந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து வீசுங்கள். இடைஞ்சலாக இருக்கும் கிளையை ஒடிப்பது விதிக்கும் புறம்பு, அந்த மரத்துக்கும் கேடு. குனிந்து, மண்டியிட்டு, பக்கவாட்டில் காலை நீட்டி வீசுங்கள். சிறு மைதானத்தில் மரங்கள்தான் விளையாட்டே.

கூடைக்கு அருகில்

10 மீட்டருக்குள் வந்துவிட்டால் புட்டிங், அதாவது கூடைக்குள் போடப் பார்க்கும் வீச்சு. இங்கே ஒரு விதி கூடுதல்: வீசியபின் தடுமாறி முன்னால் விழக்கூடாது. நின்ற இடத்திலேயே சமநிலை கிடைத்த பிறகுதான் டிஸ்க்கைத் தாண்டி நடக்க வேண்டும்.

புட்டிங்கில் விரல்களை டிஸ்க்கின் அடியில் விசிறிபோல் விரித்துப் பிடியுங்கள். இடுப்புக்கு அருகிலிருந்து கூடையை நோக்கி மேலே தள்ளி விடுங்கள், ஒருவருக்குக் கை கொடுக்க நீட்டுவதைப் போல. ஒரே ஒரு சங்கிலியைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். வலக்கைக்காரர்கள் நடுக்கம்பத்துக்குச் சற்று வலப்புறம் உள்ள சங்கிலியைப் பார்ப்பது நல்லது. டிஸ்க் சுழன்றபடி இடப்புறம் சாய்ந்து வந்து கம்பத்தின் பக்கம் போய் அடங்கும். சரியாக விழுந்தால் சங்கிலி கலகலவென்று ஒலிக்கும், அடுத்த நொடி கூடையில் ‘தொப்’ என்று ஒரு சத்தம். பக்கத்துக் கூடாரத்தில் இருக்கும் குழந்தைகள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கையை உள்ளே விடுவதற்கு முன் கூடையை ஒரு முறை பாருங்கள். அதிகம் பேர் விளையாடாத இடத்தில் மேல் வளையத்துக்கு அடியில் குளவி கூடு கட்டியிருக்கலாம்.

கூடாரங்கள், நடப்பவர்கள், குழந்தைகள்

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். முகாம் பூங்காவில் வீசும் பாதைகளைக் கடந்து நடைபாதை போகும், குளியலறைக்குப் போகும் வழி போகும், பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். அவர்களில் பலருக்கு அங்கே ஒரு விளையாட்டு நடக்கிறது என்பதே தெரியாது. எனவே ஒதுங்க வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. காத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

விளையாடத் தொடங்கிய காலத்தில் ஒரு மாலை, பாதை காலியாக இருக்கிறது என்று நினைத்து வீசினேன். டிஸ்க் ஒரு கிளையில் பட்டு, சரளைக்கல் பாதையில் செங்குத்தாக விழுந்து சக்கரம்போல் உருண்டது. வளைவில் திரும்பி, ஒரு கூடாரத்தின் முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்த சிறு குழந்தையின் காலருகே போய்ச் சாய்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. குழந்தை அதை எடுத்து என்னிடம் நீட்டியது. அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை. நான் பார்த்தது டிஸ்க் நேராகப் போனால் எங்கே விழும் என்பதை மட்டும்தான். பிசகினால் எங்கே போகும் என்பதைப் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு தளத்திலும் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உங்களால் வீசக்கூடிய தூரத்துக்குள், இருபுறமும் சேர்த்து, ஆள் நடமாட்டம் இருந்தால் காத்திருங்கள். பார்வை மறையும் வளைவாக இருந்தால் கூட வந்தவர் ஒருவரை வீசும் பாதைக்கு வெளியே, வளைவு தெரியும் இடத்தில் ஒதுங்கி நிற்கச் சொல்லி, அவர் கை காட்டியபின் வீசுங்கள். டிஸ்க் யாரையாவது நோக்கிப் போனால் தயங்காமல் ‘ஃபோர்!’ என்று கத்துங்கள்; கூடவே ‘தலை, தலை!’ என்று கத்தினாலும் சரிதான், சத்தம் எட்ட வேண்டும். டிஸ்க் ஒருவர் கூடாரம் போட்ட இடத்துக்குள் விழுந்தால் நேரே உள்ளே போகாதீர்கள். அது அந்த இரவுக்கு அவர்கள் வீடு. வெளியே நின்று கேட்டு எடுங்கள். யாரும் இல்லையென்றால், கூடாரத்தைச் சுற்றித் துழாவாமல் டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு கூடையின் பாதையை ஒட்டியே கூட்டமாகக் கூடாரங்கள் இருந்தால் அந்தக் கூடையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 8 கூடை விளையாடினாலும் அது விளையாட்டுத்தான்.

நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். காலையில் அமைதி நேரம் முடிந்ததும், மற்றவர்கள் சமையலில் இருக்கும்போது பாதைகள் காலியாக இருக்கும். பழைய ஆட்கள் கூடாரத்தைக் காலி செய்து, புதியவர்கள் வந்து சேராத நண்பகலும் நல்ல நேரம். சனிக்கிழமை மாலையைத் தவிருங்கள்.

டிஸ்க் காணாமல் போனால்

வீசிய டிஸ்க் தரையைத் தொட்டு நிற்கும்வரை கண்ணை எடுக்காதீர்கள். அது மறைந்த இடத்துக்கு அருகில் ஓர் அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள்: வெள்ளைப் பட்டை மரம், சாய்ந்த வேலிக்கால், எதுவாக இருந்தாலும். பேச்சை நிறுத்திவிட்டு அதை மட்டும் பார்த்துக்கொண்டே நடங்கள். பெரும்பாலானவர்கள் டிஸ்க் விழுந்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் தேடுவார்கள். நீங்கள் அந்த இடத்தை எட்டுவதற்கு முன், இந்தப் பக்கத்திலேயே முதலில் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி நின்று பாருங்கள். புல்லின் ஒருபக்கம் மறைத்தது மறுபக்கம் தெரியும். சருகு நிறைந்த தரையில் டிஸ்க் பக்கவாட்டில் நுழைந்து முழுக்க மறைந்துவிடும். காலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், கையை விடாதீர்கள்.

விதிப்படி தேடும் நேரம் 3 நிமிடம். அதற்குமேல் போனால் ஒரு வீச்சைக் கூட்டிக்கொண்டு முன்பு வீசிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பின்னால் வேறு குழு வந்தால் அவர்களை முதலில் போகச் சொல்லிவிட்டுத் தேடுங்கள். வேறொருவர் டிஸ்க் கிடைத்தால் அதிலுள்ள எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள், எண் இல்லையென்றால் அலுவலகத்தில் கொடுங்கள்.

எண்ணிக்கை

சிறு மைதானங்களில் எல்லாக் கூடைக்கும் பார் 3 என்றே போட்டிருப்பார்கள். அதாவது மூன்று வீச்சில் முடிப்பது எதிர்பார்ப்பு. இரண்டில் முடித்தால் பேர்டி, நான்கானால் போகி. புதியவர்கள் அந்த 3-ஐப் பார்த்து வருத்தப்பட வேண்டியதில்லை. உங்களுக்கென்று ஒவ்வொரு கூடைக்கும் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள், 9 கூடைக்கு 36. அதை எட்டிய நாளில் 35-ஐக் குறி வையுங்கள்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து 9 கூடையை முடிக்க ஒரு மணி நேரம் போதும். அன்றைய மொத்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குத் திரும்பியதும் டிஸ்க்குகளை எண்ணிப் பாருங்கள், கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு வரை பாருங்கள். மறுநாள் காலை கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன் நேரம் இருந்தால், மிட்ரேஞ்சைப் பையிலேயே வைத்துவிட்டுப் புட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்றுப் போங்கள். முடித்தபின் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.